நெஞ்சில் நாற்பத்தொரு ஈயக் குண்டுகள்

பயந்தவனுக்கு ஒன்றுமே தெரியாவிட்டால் ஊருக்கு ஆபத்தில்லை, வீட்டில் உட்கார்ந்திருப்பான். எல்லாம் தெரிந்திருந்தாலும் ஆபத்தில்லை. அவனுக்குப் பயமே இருக்காது. பயமும் அரைகுறை அறிவும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் வம்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் ஊரான தோணிரேவில் அந்த ஆள் நான்தான். அப்போது எனக்கு எழுபத்திரண்டு வயது.

முப்பத்து நான்கு வருஷம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவன் நான். எதையும் எண்ணாமல் விடமாட்டேன். தோணிரேவிலிருந்து பொன்னேரி பஸ் ஸ்டாண்டு வரை எத்தனை வேகத்தடை என்று கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வேன். (யாரும் கேட்டதில்லை.) என் மகன் ஏழுமலை ஏரியில் வலை வீசுகிறவன். அவன் மகள் மேகலா. பன்னிரண்டாவது முடித்ததும் அவள் வந்து, "தாத்தா, நான் ரேடியாலஜி படிக்கப் போறேன்" என்றாள்.

"அது இன்னாம்மா?"

"எக்ஸ்ரே எடுக்கிற படிப்பு. மூணு வருஷம் காலேஜு, ஒரு வருஷம் ஆஸ்பத்திரியிலயே பயிற்சி. அப்புறம் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., இதய ஆபரேஷன் பண்ற இடத்துலகூட வேலை இருக்கு. கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் பரீட்சை எழுதலாம்."

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நோட்டுப் புத்தகத்தில் சந்தேகங்களை எழுதினேன். முப்பத்தொன்று வந்தது. முதல் சந்தேகம்: கதிர் பட்டுப் பட்டுக் குழந்தை உருகிவிடாதா? முப்பத்தொன்றாவதும் அதேதான், கையெழுத்து மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தது.

மேகலா பொறுமையாகப் பதில் சொன்னாள். எக்ஸ்ரே எடுக்கும்போது அவள் மெஷின் பக்கத்தில் நிற்கமாட்டாள். ஈயம் கலந்த கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பாள். உள்ளே போகவேண்டி வந்தால் ஈய அங்கி போட்டுக்கொள்வாள். மேலே எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு வைக்கச் சட்டையில் ஒரு சின்ன வில்லை குத்தியிருக்கும். "ஈயத்தைத் தாண்டி எக்ஸ்ரே சுலபத்துல போவாது தாத்தா" என்றாள்.

அவள் சொன்ன அத்தனையிலும் என் மண்டையில் தங்கியது அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான்.

நான்கு வருஷம் ஓடியது. இருநூற்றாறு எலும்புகளையும் பெயர் சொல்லிப் படித்தாள். நான் எதிரே உட்கார்ந்து விரல் மடக்கிச் சரிபார்த்தேன். படிப்பு முடிந்ததும் பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. ஒரே ஓர் இடம். மூன்று பேர் போட்டி. ஒவ்வொருவரும் ஒரு நோயாளிக்கு எக்ஸ்ரே எடுத்துக் காட்டவேண்டும். இந்த வேலை கிடைத்தால் வீட்டிலிருந்தே போய் வரலாம், கிடைக்காவிட்டால் சென்னையில் விடுதி பார்க்கவேண்டும்.

அந்தச் சமயம் எனக்கு இருமல். இருபத்து மூன்றாவது நாள். பழவேற்காட்டு டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். நான்கு நாளாக அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

"என்கூடவே பொன்னேரிக்கு வந்து எடுத்துக்கோ தாத்தா. அப்படியே எனக்கும் துணை" என்றாள் மேகலா.

மறுக்க முடியவில்லை. ஆனால் என் இதயத்தை யார் காப்பாற்றுவது? நுரையீரலைத்தானே பார்க்கவேண்டும், பார்த்துக்கொள்ளட்டும். இதயம் சும்மா பக்கத்தில் இருக்கிறது, அது என்ன பாவம் செய்தது?

முதல் நாள் மதியம் வீட்டில் யாருமில்லை. ஏழுமலையின் வீச்சு வலை ஆணியில் தொங்கியது. வலை தண்ணீரில் அமிழ்வதற்காக அதன் விளிம்பு முழுக்க ஈயக் குண்டுகள் கோத்திருக்கும். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு பக்கத்து விளிம்பிலிருந்து நாற்பத்தொரு குண்டுகள். பழைய தலையணை உறையை வெட்டி, அவற்றை ஐந்து வரிசையாக உள்ளே வைத்துத் தைத்தேன். வரிசைக்கு எட்டு. மிஞ்சிய ஒன்றை நடுவில் வைத்தேன், இதயத்தின் மத்திக்கு. நாடா போட்டு இடது மார்பில் கட்டிப் பார்த்தேன். சட்டைக்கு மேல் தெரியவில்லை. என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி. தேர்வை நடத்தியவர் ஜெயந்தி மேடம் என்கிற மூத்த டெக்னாலஜிஸ்ட். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பெண்மணி. முதல் ஆள் ஒருவருடைய முழங்காலை எடுத்தான். இரண்டாவது பெண் ஒரு மணிக்கட்டை எடுத்தாள். "அடுத்தது யாரு? டோக்கன் பதினாலு!" என்றார் மேடம்.

பதினாலு நான்தான்.

மேகலா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எங்கள் உறவு அங்கே யாருக்கும் தெரியாது. கிழவர் யாராக இருந்தாலும் தாத்தா என்றுதானே கூப்பிடுவார்கள்! அவள் நீல அங்கி ஒன்றைக் கையில் கொடுத்தாள். "சட்டை, பனியனைக் கழட்டிட்டு இதைப் போட்டுக்குங்க. கழுத்துல செயின், தாயத்து இருக்குதா?"

"இல்ல."

"மேல வேற ஏதாச்சும் கட்டியிருக்கீங்களா?"

"இல்ல."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க தாத்தா."

"இல்லம்மா, இல்ல!"

மூன்று கேள்வி. தாயத்து இல்லை என்றது நிஜம், மற்ற இரண்டும் பொய். அங்கிக்குள்ளே நாற்பத்தொரு குண்டுகள்.

பிறகுதான் என் திட்டத்தின் முதல் ஓட்டை தெரிந்தது. மெஷினைப் பார்த்து நிற்கச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் என்னைத் திருப்பி, எதிரில் இருந்த பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னாள். கதிர் வருவது முதுகுப் பக்கமாக! கோட்டைச் சுவரை முன்னால் கட்டிவிட்டேன், எதிரி பின்னால் நிற்கிறான்.

நெஞ்சு பலகையில் பட்டதும் 'டக்'கென்று ஒரு சத்தம்.

"இன்னா சத்தம் தாத்தா?"

"எலும்பும்மா. வயசாச்சில்ல."

அவள் கண்ணாடிக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து வந்த குரல் எங்கள் வீட்டுக் குரலாக இல்லை. "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே புடிங்க. ஆடாதீங்க." எனக்கு வயது, இருமல், பயம் எல்லாம் மறந்துபோனது. அந்தக் குரல் சொன்னபடி நின்றேன். "மூச்சு விடலாம்."

பிறகு ஜெயந்தி மேடத்தின் குரல் அறையைத் தாண்டி வந்தது.

"என்னம்மா இது? இவரை யாராவது துப்பாக்கியால சுட்டாங்களா?"

நான் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு மார்புக்கூடு. இடது பக்கத்தில், இதயம் இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளை வெளேரென்று ஐந்து வரிசை முத்துகள். இதயத்தை நான் நன்றாகவே காப்பாற்றியிருந்தேன். டாக்டருக்கே தெரியாத அளவுக்கு.

மேகலா திரைக்கு அருகில் குனிந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை. "குண்டடி இல்ல மேடம். எல்லாம் ஒரே அளவு, நடுவுல துளை இருக்கு. இது வலை ஈயம்." என் பக்கம் திரும்பினாள். "தாத்தா, அதைக் கழட்டு."

கழற்றி மேஜைமேல் வைத்தேன். தொப்பென்று விழுந்தது.

"சாரி மேடம், இவர் எங்க தாத்தா. ஆனா தப்பு என்னுது. வாயால கேட்டேன், தொட்டுப் பார்க்கல. சத்தம் கேட்டப்பவாவது நிறுத்தியிருக்கணும். தாத்தாதானேன்னு விட்டுட்டேன். இப்ப ரெண்டாவது தடவை எடுக்கணும்."

ஒன்றுக்குப் பயந்து இரண்டு வாங்கினேன். அதுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நான்கு வருஷப் படிப்பை ஒரு தலையணை உறையால் கவிழ்த்துவிட்டேனே! "மேடம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசாதீங்க பெரியவரே. போய் நில்லுங்க" என்றார் மேடம்.

இந்த முறை மேகலா அங்கியைத் தொட்டு, தடவி, இடுப்புக் கயிறு வரை பார்த்துவிட்டுத்தான் போனாள். மறுபடி அந்தக் குரல். மறுபடி மூச்சு.

என்ன நினைத்தாரோ, மேடம் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அமாவாசை ஏரிபோல் கறுத்த இரண்டு நுரையீரல்கள். கரையில் கட்டிக்கொண்டிருக்கும் படகின் விலாக் கட்டைகள்போல் எலும்புகள். நடுவில், கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து, சாம்பல் நிறத்தில் என் இதயம். எழுபத்திரண்டு வருஷம் எனக்குள் இருந்தும் நான் ஒருமுறைகூடப் பார்க்காத பொருள். உறையைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிப்பது தபால்காரனுக்குக் குற்றம். என் பேத்திக்கு அதுதான் உத்தியோகம்!

அவள் விரலைத் திரையில் வைத்து மேலிருந்து கீழாக முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "...எட்டு, ஒன்பது, பத்து. சரியா இருக்கு மேடம்."

"என்னம்மா எண்ற?" என்றேன், மேடம் பேசாதே என்று சொன்னதையும் மறந்து.

"விலா எலும்பு தாத்தா. நுரையீரலுக்கு மேல பத்து தெரிஞ்சாத்தான் நீ மூச்சை முழுசா இழுத்தேன்னு அர்த்தம். ஒவ்வொரு படத்துலயும் எண்ணணும்."

ஒவ்வொரு படத்திலும் எண்ணவேண்டுமாம்! என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (இருமலால்தான் என்று மேடத்திடம் சொன்னேன். அது அன்றைய நான்காவது பொய்.)

வேலை அன்றே கிடைக்கவில்லை. "தப்பை நீயே சொன்ன, சரி. ஆனா நோயாளியைத் தொட்டுப் பார்க்காம எடுத்தது சின்னத் தப்பு இல்ல. மூணு மாசம் என் கண்ணு முன்னால வேலை செய். அப்புறம் பார்க்கலாம்" என்றார் மேடம். அந்தத் தொண்ணூற்றிரண்டு நாளையும் நான் காலண்டரில் அடித்துக்கொண்டே வந்தேன். தொண்ணூற்று மூன்றாம் நாள் வேலை உறுதியானது. இப்போது சி.டி. அறையில் இருக்கிறாள், அரசுப் பரீட்சைக்கும் படிக்கிறாள். என் நெஞ்சில் கொஞ்சம் சளிதான் என்றார் டாக்டர். மாத்திரையில் போய்விட்டது.

ஆனால் நான் போகவில்லை, அந்த ஆஸ்பத்திரியை விட்டு. உடை மாற்றும் அறைக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது: 'செயின், தாயத்து, அரைஞாண், வலை ஈயம் கழற்றி வைக்கவும்.' கடைசியில் இருப்பது எதற்கு என்று யாராவது கேட்டால், மேகலா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாளாம்.

அன்று சாயந்திரம் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடவேண்டும். ஏழுமலை ஏரியிலிருந்து வெறும் கூடையோடு வந்தான். "இன்னா நைனா இது? வலை ஒரு பக்கம் முழுவுது, ஒரு பக்கம் தண்ணி மேல கூத்தாடுது! மடவை மீனு அத்தனையும் அந்தப் பக்கமா சிரிச்சிக்கினே போவுது!"

நான் பையிலிருந்து தலையணை உறையை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

இன்றைக்கும் நான் வெளியே கிளம்பினால் மருமகள் வாசலில் நின்று, "மாமா, எல்லாத்தையும் கழட்டிட்டீங்களா?" என்று கேட்கிறாள். ஏழுமலை வலையைத் தோளில் போடும் முன்னால் விளிம்பைச் சுற்றி ஈயத்தை விரலால் தள்ளித் தள்ளி எண்ணிச் சரிபார்க்கிறான். ஆக, எங்கள் வீட்டில் எண்ணுகிறவர்கள் இப்போது மூன்று பேர்.