அமெரிக்கன் அண்ணை எடுத்துத் தந்த வீடு

எங்கள் அமெரிக்கன் அண்ணை அளவுக்கு அமெரிக்காவை அறிந்தவர் அமெரிக்காவிலேயே கிடையாது. இத்தனைக்கும் அவர் அங்கே ஒருநாளும் போனதில்லை. அகதிக் கடதாசியோடு கனடாவில், ஸ்காபரோவில் இருந்தவர், நயாகராவில் நின்று அக்கரையை எட்டிப் பார்த்ததோடு சரி.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவருடைய அமெரிக்கா, இரண்டாம் உலகப்போர் முடிந்த அன்று தொடங்கி ஏழெட்டு வருடத்தில் நின்றுவிடும். நூலகம் கழித்துவிட்ட பழைய சஞ்சிகைகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வரிசைப்படி வாசித்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாங்கள் இருவரும் வேலை செய்த பாண் பேக்கரியில் யாரோ அமெரிக்கத் தேர்தலைப் பற்றிக் கேட்டபோது, "நான் இன்னும் அவ்வளவு தூரம் வாசிக்கேல்லை" என்றார்.

ஒருநாள் முகம் வாடி வேலைக்கு வந்தார்.

"என்னண்ணை?"

"விலைக்கட்டுப்பாட்டை எடுத்துப்போட்டாங்கள் தம்பி. இறைச்சி விலை ஏறுது. சனம் என்ன செய்யும்?"

நான் பதறிப்போய் வீட்டுக்குப் போன் எடுத்தேன். மனைவி ஓடிப்போய் ஒரு முழு ஆட்டை வாங்கி பிரீசரில் அடைத்துவிட்டாள். ஏறியது 1946ஆம் ஆண்டு விலை என்பது மறுநாள்தான் தெரிந்தது. இரண்டு மாதம் ஆட்டிறைச்சிக் கறி.

அந்த வருடமே மனைவிக்கு எட்டு மாதமாக இருந்தபோது, நாங்கள் இருந்த பேஸ்மென்டில் தண்ணீர் ஏறிச் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. மாதம் முடியுமுன் வெளியேறவேண்டும். வேறு வீடு கேட்டுப் போன் எடுத்தால், என் பெயரைக் கேட்டதும் வீடு "போய்விடும்". அப்படி ஏழு வீடுகள் போயின.

"போன் எடுக்காதை. நேர போவம்" என்றார் அண்ணை.

மூவருமாக மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸுக்குப் போனோம். சொந்தக்காரர் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். எழுபது வயது வெள்ளைக்காரர். எங்களைக் கண்டதும் "வீடு போய்விட்டது" என்று இழுத்தபடி கதவை மெல்ல மூடத் தொடங்கினார். அண்ணை அவர் பேச்சின் அமெரிக்க இழுவையைப் பிடித்துவிட்டார்.

"சேர் அமெரிக்காவோ? போருக்குப் போனனீங்களோ?"

கதவு நின்றது.

"திரும்பி வந்தவுடன அரசாங்கக் கடனில வீடு எடுத்திருப்பியள். தெரு முழுக்க ஒரே அச்சில வார்த்த வீடுகள். குசினியில பிரிட்ஜ் முதலே இருந்திருக்கும். சனி ஞாயிறில வெளியில உடுப்புக் காயப்போடவும் விடமாட்டினம், என்ன?"

"உவர் எங்களுக்கு வீடு கேக்க வந்தவரோ, சோதினை எழுத வந்தவரோ?" என்று மனைவி என் காதில் முணுமுணுத்தாள்.

ஆனால் கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் துணியைக் காயப்போட்டுக் கண்டனக் கடிதம் வாங்கினாளாம். உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தார். வீடு கிடைத்தமாதிரித்தான் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது அண்ணை கேட்டார்: "அதே போருக்குப் போன கறுப்புப் பெடியள் ஆரும் உங்கட தெருவில இருந்தவையோ?"

மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

கிழவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "இல்லை. அவர்களுக்கு விற்கவில்லை. நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை." எழுந்து உள்ளே போனார்.

"எழும்புங்கோ, போவம்" என்றாள் மனைவி.

திரும்பி வந்தவர் கையில் பக்கத்து வீட்டுப் பூட்டின் திறப்பு. அதை என்னிடம் தரவில்லை, மனைவியின் கையில் வைத்தார்.

பஸ்ஸில் அண்ணையைப் பிடித்து ஏசினேன். "கடைசியில ஏன் உந்தக் கேள்வியைக் கேட்டனீங்கள்? வீடு போயிருக்குமெல்லே!"

"போயிருக்கும்தான்" என்றார். "ஊரில நடக்கிற எங்கட சண்டையும் ஒருநாள் முடியும் தம்பி. முடிஞ்சாப்பிறகு ஆருக்கு வீடு கிடைக்குது, ஆருக்குக் கிடைக்கேல்லை எண்டு கேக்க ஒருத்தன் வேணும். அதுக்குத்தான் உவ்வளவும் வாசிக்கிறன்."

மகள் அந்த வீட்டில்தான் தவழ்ந்தாள். அண்ணை ஞாயிறுதோறும் வந்து அவளை மடியில் வைத்துக்கொண்டு என்னவெல்லாமோ சொல்லுவார். அவளுக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் அவர் பஸ்ஸுக்கு எழும்பினால் அழுவாள். எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.