தறிக்குழியில் வந்த பாலாறு

பாலாற்றில் தண்ணீர் வராததற்கு யார் யாரையோ குறை சொல்கிறார்கள். ஒரே ஒரு தடவை வந்ததே, அதற்குக் காரணம் நான்தான் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு, தனக்குப் பதிலாகக் கப்பலில் ஒரு வாஷிங் மிஷினை அனுப்பினார். நான் பிள்ளையார்பாளையத்தில், பட்டு நெய்யும் ஏகாம்பரம் அண்ணன் வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தேன். அதுவரை கிணற்றடியில் அவர் மனைவி சரோஜா அக்காவோடும் தெருப் பெண்களோடும் ஊர்க்கதை பேசிக்கொண்டே துவைப்பேன். மிஷின் வந்ததும், "இனிமே எனக்கு எதுக்குக்கா துவைகல்லு?" என்று சொல்லித் தொலைத்தேன். (வாய்க்கொழுப்பு, வேறென்ன?) அதன்பிறகு அவர்களுடைய சிரிப்பைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்கத்தான் முடிந்தது. ஒரு மாதம் என்னோடு பேசியது அந்த மிஷின் மட்டும்தான், அதுவும் கடமுடா என்று.

கப்பலில் எங்கே இடித்ததோ, அடியில் ஒழுக ஆரம்பித்தது. யாரிடமும் சொல்ல ரோஷம் விடவில்லை. ஏரிக்கரை ஊரான தென்னேரியில் பிறந்தவளுக்குக் கரை கட்டச் சொல்லித் தர வேண்டுமா? சமையல்கட்டுப் பக்கமும் வாசற்படிப் பக்கமும் களிமண்ணால் ஒரு சாண் உயரத்துக்கு வரப்புக் கட்டி, இடுக்கில் கோணியைத் திணித்தேன். மிச்சம் இருந்தது சுவர். அதன் அடியில் எலி வளை இருந்ததும், அந்தப் பக்கம் அண்ணனின் தறிக்குழி இருந்ததும் என் மூளைக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை மிஷினைப் போட்டேன். அந்தப் பக்கம் தறியில் உட்கார்ந்து, மிதிக்கட்டையை மிதிக்கக் குழிக்குள் காலை விட்ட அண்ணன் அலறினார்.

"ஏ சரோஜா! குழில ஊத்து கெளம்பிக்கினு இருக்குதுடி! வெள்ளையா நொரைச்சிக்கினு வருது!"

அக்கா எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாலுமாரி இருக்குதே! பாலாத்தம்மாவே நம்ம வூட்டுக்கு வந்துட்டாபா!"

தெருவே திரண்டது. கற்பூரம் ஏற்றினார்கள். "நீயும் வந்து கும்புட்டுக்கோம்மா" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். சோப்புத்தூள் வாசனை எனக்குத் தெரியாதா? அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு மனுஷி என் கையைத் தொட்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் தறியில் உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குப் போகவேண்டிய கல்யாணப் புடவை, முந்தானை பாக்கியோடு நின்றது. "ஆத்தா மேல காலை வெக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

சாயங்காலம் தண்ணீர் வற்றியது. கூட்டமும் கலைந்தது. என் வீடு பழையபடி வெறிச்சென்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை மறுபடி மிஷினைப் போட்டேன். வீட்டில் அழுக்குத் துணி ஒன்றுகூட இல்லை. மடித்து வைத்திருந்த பாவாடைகளையே எடுத்து உள்ளே போட்டேன்.

கூட்டம் வந்தது. அக்கா சொம்பில் மொண்டு, நிறைமாதமாக இருந்த தன் மகள் கையில் தீர்த்தமாக ஊற்றினார். அவள் அதை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"குடிக்காதடி! அது என் பாவாடை அலசுன தண்ணி!" என்று கத்திவிட்டேன்.

தெரு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அழுதுகொண்டே எலி வளை வரைக்கும் ஒப்பித்தேன். அக்கா சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி! உன் பாவாடைக்கா ரெண்டு நாளா கற்பூரம் காட்டிக்கினு இருக்கறேன்!"

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "வழி வுடுங்கபா, முந்தானை கெடக்குது" என்று குழியை இறைக்க ஆரம்பித்தார். நானும் கூட இறைத்தேன். வியாழக்கிழமை ராவும் பகலுமாக அண்ணன் நெய்ததில், புடவை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்றைக்கும் வீட்டில் மிஷின் ஓடினால் என் மருமகள், "அத்தே, பாலாறு வருதா பாருங்க" என்பாள். பாவாடைத் தண்ணீரோடு கதை முடிந்துவிடும், எல்லோரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரும் லீவில் வந்தபோது கேட்டுவிட்டு அப்படித்தான் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொத நாளே உனக்கு விஷயம் தெரிஞ்சி போச்சில்ல? ரெண்டாம் நாள் எதுக்கு மிஷினைப் போட்டே?" என்று கேட்டார்.

அழுக்குத் துணி நிறைய இருந்தது என்று சொன்னேன்.