குரல்வளை

சோப்புத் துண்டைச் சோப்புத் துண்டோடு ஒட்டிக் குளிக்கிற கஞ்சரைப் பார்த்திருப்பீர்கள். பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழிக்கிறவரையும் பார்த்திருப்பீர்கள். அடுத்தவர் குரலில் மிச்சம் பிடிக்கிறவரைப் பார்த்ததுண்டா?

எங்கள் ஆபீசில் இருந்தார். நெட்வொர்க் அதிகாரி. நாங்கள் வைத்த பெயர் 'குரல்வளை'. அதைத்தானே அவர் தினமும் நெரித்தார்!

ஆபீஸ் போன்கள் இன்டர்நெட் வழியாக ஓடுபவை. அந்த இணைப்பில் பேச்சுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோமோ அவ்வளவு தெளிவாகக் குரல் கேட்கும். குரல்வளையோ காலையில் பையைக்கூடக் கீழே வைக்காமல் கம்ப்யூட்டரைத் திறந்து, போன் பேச்சு எவ்வளவு இடத்தைத் தின்றிருக்கிறது என்று பார்த்து, பெருமூச்சு விட்டு, அதில் இன்னொரு பிடி குறைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். பேசுகிறவர் தகர டப்பாவோடு கிணற்றில் விழுந்ததுபோலக் கேட்கும். முறையிட்டால், "விஷயம் புரியுதுல்ல? போன்ல என்ன கச்சேரியா கேக்கப் போறீங்க?" என்பார்.

மிச்சம் பிடித்த இடத்தில் என்ன ஓடியது? மேனேஜர் அறையில் கால்பந்து நேரலை.

ஒருநாள் பதினொரு மணிக்கு அவர் மனைவி ஆபீஸ் போனில் அழைத்தார். சொன்னது இது: "அப்பா ஸ்டேஷன்ல இருக்காரு. நீங்க போய் கூட்டிட்டு வாங்க. பெரிய பெட்டியா கொண்டு வந்துட்டாரு."

இவர் காதில் விழுந்தது இது: "அப்பா... போய்... பெட்டி... ட்டாரு."

"ஐயோ! எப்போ?"

"இப்பத்தான்."

அது மட்டும் கணீரென்று கேட்டது.

மனிதர் நாற்காலியில் சரிந்துவிட்டார். "எங்க மாமனார்... பெத்த அப்பா மாதிரி..." என்று விம்மினார். மேனேஜரே ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மலர்வளையம் வந்தது. ஆபீஸ் வேனில் ஆறு பேர் ஏறினோம். வழி முழுக்க, மாமனார் எப்பேர்ப்பட்டவர் என்று குரல்வளை சொல்லிச் சொல்லி அழ, அவரை அறியாத நாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினோம். கதவைத் திறந்தவர் மாமனார்.

இரண்டு மணி நேரம் ஸ்டேஷனில் காத்திருந்து, பொறுக்கமாட்டாமல் தானே டாக்சி பிடித்து அப்போதுதான் வந்திருந்தார். எங்கள் ஈரக் கண்களைப் பார்த்தார். மலர்வளையத்தைப் பார்த்தார். நாடாவில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார்.

"வரவேற்க வரச் சொன்னா, வழியனுப்ப வந்திருக்கீங்களே மாப்பிள்ளை!"

குரல்வளை ஒரே பாய்ச்சலில் அவரைக் கட்டிக்கொண்டார். அந்த அழுகையில் மட்டும் சிக்கனமே இல்லை. உள்ளேயிருந்து வந்த மனைவி என்ன ஏதென்று கேட்டறிந்து, வாசலிலேயே வைத்துத் தெளிவான குரலில் பேசினார். ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை.

மறுநாள் போனில் எதிர்முனைக்காரர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. மேனேஜர் அறையில் பந்து பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. "என்னய்யா இது?" என்று மேனேஜர் கத்தினார்.

"முதல்ல மனுஷங்க பேசட்டும் சார். அப்புறம் பந்து உருளட்டும்" என்றார் குரல்வளை.

நல்லவேளை, நாம் அந்த ஜாதியில்லை என்று சிரிக்கிறீர்கள். நேற்று நீங்கள் செல்போனில் மூழ்கியிருந்தபோது வீட்டில் யாரோ ஏதோ கேட்க, "ம்... சரி" என்றீர்களே, எதற்குச் சரி? உடனே போய் விசாரித்துவிடுங்கள். நான் விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு இரண்டு நாய்க்குட்டிகள் வருகின்றனவாம்.