மூன்றாம் மாடிக் கழிப்பறையும் நான்கு யுகங்களும்

பிரபஞ்சத்தை நிர்வகிக்கத் தகுதியுள்ளவர் எங்கள் மேலாளர் ஒருவரே. ஏதோ எழுத்துப் பிழையால் அவருக்கு மூன்று மாடி அலுவலகம் ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். நான் அவருடைய தலைமை எழுத்தர். அதாவது, அவருடைய ஞானத்தைத் தட்டச்சு செய்பவன்.

திங்கட்கிழமைக் கூட்டங்களில் அந்த ஞானம் பொழியும். எல்லா உயிரும் ஒன்றே. யுகங்கள் நான்கு. நடப்பது கலியுகம், மொத்தம் நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் ஆண்டு, கழிந்தது ஐயாயிரத்துச் சொச்சம். ஆகவே எந்தக் கோப்புக்கும் அவசரமில்லை. நாங்கள் மெய்சிலிர்த்துக் கொட்டாவி விடுவோம்.

கட்டடத்தின் ஒரே கழிப்பறை மூன்றாம் மாடியில் இருந்தது. 'அலுவலர்களுக்கு மட்டும்'. அதைத் தினமும் கழுவுகிற அக்கா, தன் தேவைக்குப் பேருந்து நிலையம் வரை நடப்பார். ஒரு திங்கட்கிழமை, முட்டி வீங்கிய காலோடு, கையில் வாளியோடு கூட்டத்தின் நடுவே வந்து நின்றார்.

"சார், அவ்வளவு தூரம் நடக்க முடியல. இங்கயே போய்க்கிறேனே."

மேலாளர் கண்களை மூடிக்கொண்டார். "நீ வேற, நான் வேறன்னு நினைக்கிறதுதாம்மா மாயை. நான் போனா நீ போன மாதிரிதான்."

நாங்கள் கைதட்டினோம். அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"சரிங்க சார். அப்ப நாளையிலேர்ந்து நீங்களே கழுவிடுங்க. நான் கழுவுன மாதிரிதான்."

வாளியை மேலாளரின் மேசையருகே வைத்துவிட்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனார்.

கோரிக்கையை ஆராய உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. இந்த யுகம் முடிவதற்குள் அறிக்கை தர வேண்டும் என்று கறாரான கெடு. அதற்கிடையில் மூன்றாம் நாளே நாற்றம் கிளம்பியது. மேலாளர் அறை, எழுத்தர் அறை என்ற பேதமெல்லாம் அதற்கு இல்லை. நான்காம் நாள் மேலாளர் மூக்கைப் பொத்தியபடி உத்தரவு சொன்னார்: 'தத்துவத்தைத் திரித்த' குற்றத்துக்காக அக்கா பணிநீக்கம். அந்தக் கோப்பு மட்டும் பத்தே நிமிடத்தில் முடிந்தது.

சொல்லியனுப்பியதும் அக்கா நொண்டிக்கொண்டே மாடியேறி வந்தார். தாளை நான்தான் நீட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார்.

"இதை எழுதுனது யாருங்க?"

"சார் சொன்னாரு, நான் அடிச்சேன். அவ்வளவுதான் அக்கா. பன்னிரண்டு வருஷமா உங்களைப் பார்க்கிறேன், எனக்கு மனசு கேக்குமா? அவரு வேற, நான் வேற."

அக்கா தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இல்லைங்க. சார் இத்தனை நாளா சொன்னது இப்பத்தான் எனக்குப் புரியுது. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்."