சர்வரோகம் சார் வீட்டுச் சம்பந்தம்

எண்பதுகளில் தாம்பரத்தில் நடமாடிய அத்தனை வியாதிகளும் ஒரே மனிதருக்குத்தான் இருந்தன. எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே ‘சர்வரோகம் சார்’.

ஆள் என்னவோ கல்லுக்குண்டாட்டம் இருப்பார். ஆனால் பல்லாவரத்தில் சர்க்கரைக்கு லேகியம் வாங்குவார், குரோம்பேட்டையில் மூச்சிரைப்புக்குச் சூரணம் வாங்குவார். எதையும் வாயில் வைக்கமாட்டார். காரணம் அவர் மனைவிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவர் அரசாங்கத்தின் மருந்து இன்ஸ்பெக்டர். சர்க்கரையை அடியோடு போக்குகிறேன் என்று விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். அப்படிச் சொல்பவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க, நோயாளி வேஷத்தில் போவார். தெருவில் கிளார்க் என்று சொல்லி வைத்திருந்தார். சாட்சிக்கு ஆள் வேண்டுமே, பக்கத்து போர்ஷன்காரனான நான் மாட்டிக்கொண்டேன்.

சாருக்கு நடிப்பில் ஆசை அதிகம், ஞாபகம் குறைவு. ஒரு முறை மூல வைத்தியரிடம் போய் லொக்கு லொக்கென்று இருமினார்.

“மூலத்துக்கு இன்னாத்துக்கு சார் இருமுற?” என்றார் வைத்தியர்.

“இருமுனாத்தான் வலிக்குது,” என்றார் இவர், கண் இமைக்காமல்.

இந்தக் கலைச்சேவை கடைசியில் அவர் பெண்ணின் கல்யாணத்தில் வந்து இடித்தது. முடிச்சூரிலிருந்து நல்ல வரன், பெண் பார்த்துவிட்டும் போயிருந்தார்கள். பையனின் அப்பா எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் விசாரித்திருக்கிறார். கடைக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர்.

“தங்கமான மன்சன் சார். ஆனா சக்கர கீது, மூச்சிரைப்பு கீது. போன வாரம் வலிப்பு வைத்தியர் வூட்டாண்ட குந்திகினு இருந்தாரு.”

பரம்பரையாக வந்துவிடுமோ என்று பையன் வீட்டார் பின்வாங்கினார்கள்.

“உண்மையச் சொல்லித் தொலைங்களேன்,” என்று சாரின் மனைவி அழுதார்.

சார் அசையவில்லை. அந்த ஞாயிறு மார்க்கெட் பக்கத்து மண்டபத்துக்கு ஒரு வைத்தியன் வருவதாக இருந்தது. அவன் சூரணத்தை நம்பி இன்சுலின் ஊசியை நிறுத்தியவர்கள் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

“விஷயம் வெளிய போனா அவன் வரமாட்டான். பொண்ணுக்கு வேற வரன் வரும். ஊசிய நிறுத்திட்டு ஒருத்தன் போய்ச் சேந்துட்டா, அவன் திரும்பி வருவானா?” என்றார். சொல்லிவிட்டு, பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றோம். சார் தள்ளாடித் தள்ளாடி என் தோளில் பாரத்தைப் போட்டார். எங்களுக்கு முன்னால் துண்டால் முக்காடு போட்ட ஒருவர்.

“இன்னியோட ஊசியத் தூக்கிக் கடாசு. நா கீறேன்,” என்று அவரிடம் சொன்னான் வைத்தியன்.

சார் நிமிர்ந்தார், அடையாள அட்டையை நீட்டினார். வைத்தியன் பின்வாசலுக்குத் திரும்புவதற்குள், சார் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த போலீஸ் உள்ளே வந்துவிட்டது. அவன் அபராதம் கட்டிவிட்டுக் கூடுவாஞ்சேரியில் கடை போட்டதும், அதற்காக சார் புதிதாக ஒரு வியாதியைத் தேடியதும் தனிக்கதை.

அந்தக் களேபரத்தில் முன்னால் இருந்தவரின் துண்டு நழுவியது. பார்த்தால் முடிச்சூர்க்காரர், பையனின் அப்பா.

“அப்போ உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லியா சார்?” என்றார் அவர், முகம் வெளிறி.

“இல்ல சார். உங்களுக்கு?”

“சக்கரை. பொண்ணு வீட்டுக்குத் தெரிய வேண்டாம்னு மறைச்சுட்டோம்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனிதரை அங்கேயே காய்ச்சி எடுத்திருப்பேன். சார் கீழே கிடந்த துண்டை எடுத்தார், உதறினார், அவர் தோளில் போட்டார்.

“ஊசிய மட்டும் நிறுத்திடாதீங்க, சம்பந்தி,” என்றார்.

அந்தப் பொய் நோயாளியை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.