தங்கபுஷ்பம் எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கிய கதை

ஒரு காட்டில் மரங்களைவிட அலுவலகங்கள் அதிகம். அப்புறம் அதை எப்படிக் காடு என்று சொல்லலாம் என்று கேட்காதீர்கள். அதற்கும் ஓர் அலுவலகம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது தங்கபுஷ்பம் என்கிற அணிலின் கதை.

தங்கபுஷ்பத்துக்கு ஆற்றங்கரை மருத மரத்தின் மேல்பொந்தில் குடித்தனம். நான்கு குட்டிகள். ஒரு நாள் காலையில் அவற்றை வெயில் காயக் கீழ்க்கிளைக்குக் கூட்டி வந்தாள். திரும்ப மேலே ஏறினால், பொந்து வாசலில் மந்திரமூர்த்தி என்கிற குரங்கு உட்கார்ந்திருந்தான். பொந்துக்குள் கொட்டாங்கச்சி, யாரிடமோ பிடுங்கிய மூக்குக் கண்ணாடி, ஒற்றைச் செருப்பு எல்லாம் திணித்துக் கிடந்தன.

"அண்ணாச்சி, இது எங்க வீடுல்லா! உங்களால உள்ள நுழையக்கூட முடியாதே, உங்களுக்கு எதுக்கு இந்தப் பொந்து?"

"சாமான் போட இடம் வேண்டாமா? நீ சின்ன உருப்படி. எங்கன வேணாலும் ஒண்டிக்கிடலாம்."

கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அவன் பேன் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் குட்டிகளை மரத்தின் வேரடியில் ஓர் இடுக்கில் படுக்க வைத்தாள். ஐப்பசி மழையில் ஆறு பெருகினால் தண்ணீர் முதலில் புகுவது அந்த இடுக்கில்தான்.

நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே ரைட்டர், ஐகோர்ட்துரை என்கிற கரடி. ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுக்க அவர் கையில். சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, சீல் குத்தி, எஃப்.ஐ.ஆரைக் காகிதக் கட்டுக்குள் செருகினார்.

"இனி என்ன ஐயா நடக்கும்?"

"நடக்கும், போம்மா."

ஒன்றும் நடக்கவில்லை. பொந்து ஒதுக்கீட்டு அலுவலகத்தில் போய் அழுதாள். அங்கிருந்த கொக்கு கொஞ்சம் இரக்கமுள்ள கொக்கு. "எஃப்.ஐ.ஆர். நகல் கொண்டு வாம்மா. வேற பொந்து தாரோம். மழைக்கு முன்னாடி வந்துரணும், கேட்டியா?" என்றது.

மறுபடியும் ஸ்டேஷன்.

"நகல்தானே? மனு எழுதிக் குடு" என்றார் ரைட்டர்.

ஸ்டேஷன் வாசலில் மனு எழுதிக் கொடுப்பது வேலாயுதம் என்கிற முள்ளம்பன்றி. பேனாவுக்கு அவர் வெளியே போக வேண்டியதில்லை, முதுகிலிருந்து ஒன்றை உருவிக்கொள்வார். எடுத்த எடுப்பில் சிங்கத்துக்கே மனு எழுதிவிட்டார். ரைட்டர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சிங்கத்துக்கு எதுக்கு எழுதின? பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதணும்."

"அது யாருங்கய்யா?"

"நாந்தான்."

அடுத்த மனுவில் தேதி இல்லை. அதற்கடுத்ததில் தேதி இருந்தது, கையெழுத்து கோட்டுக்கு வெளியே போயிருந்தது. நான்காவது மனுவை வாங்கிக்கொண்டு, "முப்பது நாள்ல பதில் வரும்" என்றார். தங்கபுஷ்பம் தினமும் மரப்பட்டையில் ஒரு கீறல் போட்டாள். முப்பதாவது கீறல் விழுந்த அன்று மேற்கே கருமேகம் கட்டியிருந்தது. பதிலும் வந்தது. மனுவில் கொடுத்திருந்த முகவரி மேல்பொந்து என்பதால், அதை மந்திரமூர்த்திதான் வாங்கினான். வாங்கி, மேலே உட்கார்ந்தபடியே உரக்கப் படித்துக் காட்டினான்.

"மேற்படி முகவரியில் நேரில் விசாரித்ததில், மனுதாரர் அங்கு வசிக்கவில்லை என்று அங்கிருப்பவர் தெரிவித்தார். எனவே மனு நிராகரிக்கப்படுகிறது."

"அங்கிருப்பவரா? அது யாரு அண்ணாச்சி?"

"நாந்தான்."

தங்கபுஷ்பத்துக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அப்போதுதான் அவன் விசிறிக்கொண்டிருந்த காகிதத்தைக் கவனித்தாள். சீல் வைத்த எஃப்.ஐ.ஆர். நகல். அவள் கொடுத்த புகாரின் நகலேதான்.

"இது உமக்கு எப்படிக் கெடச்சுது?"

"நான் இந்தக் கேஸ்ல எதிரியாக்கும், குத்தம் சாட்டப்பட்ட ஆளு! எதிரிக்கு நகல் கொடுத்தே ஆகணும்னு சட்டம். ரைட்டரே மூச்சு வாங்க மரமேறி வந்து, கையில குடுத்துட்டுப் போனாரு. ஒரு பக்கம் தெளிவா இல்லன்னேன். வேற எடுத்துட்டு வந்தாரு."

தங்கபுஷ்பம் மேகத்தைப் பார்த்தாள். வேரடியில் கிடந்த குட்டிகளைப் பார்த்தாள். அப்புறம் தனக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்த மந்திரமூர்த்தியின் வாலைப் பார்த்தாள். இத்தனை மனு எழுதியும் தோன்றாத ஒன்று அவளுக்கு அப்போது தோன்றியது. பல்லெல்லாம் பதிய ஒரு கடி கடித்தாள்.

"ஐயோ! கடிச்சிட்டாளே! பாவி கடிச்சிட்டாளே!" என்று மந்திரமூர்த்தி வாலைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினான். தங்கபுஷ்பம் நிதானமாகப் பின்னால் போய் வாசலில் நின்றாள்.

"எதிரி பேரு?" என்றார் ரைட்டர்.

"தங்கபுஷ்பம்."

"எதிரி முகவரி?"

"மரத்தடியில எங்கனயோ கெடக்கா" என்றான் மந்திரமூர்த்தி.

"முகவரி இல்லன்னா புகாரை எடுக்க முடியாதுவே."

வால் விண்விண் என்று தெறித்தது. அந்த அவசரத்தில் அவன் கையிலிருந்த நகலை விரித்து, அதில் புகார் கொடுத்தவர் முகவரி என்று போட்டிருந்ததை அப்படியே வாசித்தான். "மருத மரம், மேல்பொந்து, ஆற்றங்கரை." ரைட்டர் எழுதினார். மந்திரமூர்த்தி கையெழுத்துப் போட்டான்.

அன்று மாலையே ரைட்டர் எதிரிக்குத் தரவேண்டிய நகலோடு மருத மரத்துக்கு வந்துவிட்டார். தங்கபுஷ்பம் அடிமரத்தில் நின்று கையை நீட்டினாள்.

"இங்க வெச்சுத் தரக்கூடாதும்மா. முகவரியில வெச்சுத்தான் தரணும். மேல போ."

ஏறிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, உள்ள நிக்க எடமில்ல. அண்ணாச்சி சாமான் கெடக்கு" என்றாள்.

ரைட்டர் ஐகோர்ட்துரைக்கு வந்ததே கோபம். எதிரி முகவரியில் இல்லை என்றால் தலைமறைவு என்று எழுத வேண்டும். தலைமறைவு என்றால் தேட வேண்டும். தேட வேண்டும் என்றால் அவர்தான் அலைய வேண்டும். ஆகவே மரமேறி, பொந்துக்குள் கையை விட்டு, கொட்டாங்கச்சி, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் ஆற்றில் வீசினார்.

"ஏட்டையா! அது என் இடம்யா!" என்று கீழேயிருந்து மந்திரமூர்த்தி அலறினான்.

"எதிரி இங்கதான் குடியிருக்கான்னு நீதானவே கையெழுத்துப் போட்டிருக்க? பொய்ப் புகாரா? அதுக்குத் தனி கேஸ் இருக்கு, போடவா?"

மந்திரமூர்த்தி மிதந்து போன செருப்பின் பின்னால் கரையோரம் ஓடினான்.

ரைட்டர் பொந்து வாசலில் வைத்து நகலைக் கொடுத்தார். இறங்கும்போது விரலை ஆட்டி எச்சரித்தார். "இந்தா பாரும்மா, கேஸ் முடியுற வரைக்கும் நீ இந்த முகவரியை விட்டு அந்தாண்ட இந்தாண்ட போகக்கூடாது. ரொம்பக் கடுமையான நிபந்தனை!"

அந்தக் காட்டில் இதுவரை ஒரு கேஸும் முடிந்ததில்லை.

தங்கபுஷ்பம் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேலே கொண்டு வந்தாள். நான்காவது குட்டி உள்ளே போவதற்கும் மழை கொட்டத் தொடங்குவதற்கும் சரியாக இருந்தது. இத்தனை நாள் நாயாய் அலைந்து, கடைசியில் கடித்து வாங்கிய நகலை அவள் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பொடிப்பொடியாகக் கிழித்துக் குட்டிகளுக்கு மெத்தையாகப் போட்டாள். நல்ல கனமான காகிதம், இதமாக இருந்தது.

மந்திரமூர்த்தி இப்போது ஸ்டேஷன் வாசலில் நனைந்தபடி நிற்கிறான். தான் கொடுத்த புகாருக்கு அவனுக்கு ஒரு நகல் வேண்டுமாம். வேலாயுதம் முதுகிலிருந்து ஒரு பேனாவை உருவி, சிங்கத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

நீதி: நகல் கேட்டு மனு எழுதாதீர்கள், யாரையாவது கடித்து வையுங்கள். நகல் வீடு தேடி வரும். வீடு இல்லையென்றால், அதையும் காலி செய்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.