பயம் கழுவிய நீர்நாய்

ஒரு காட்டில், ரத்தத்தில் உள்ள பயத்தை அளக்க ஆய்வுக்கூடம் ஒன்று நடந்துவந்தது. பயந்தவர்களின் ரத்தத்தில் ஒரு புரதம் கூடுகிறது, அதற்கு மருந்து காணப்போகிறேன் என்று அதன் தலைவர் கரடியார் சொல்லிவந்தார். முள்ளம்பன்றி தன் முள்ளாலேயே குத்தி ரத்தம் எடுக்கும். நீர்நாய் அன்னக்கொடிக்குக் கழுவுகிற வேலை.

குழிகள் உள்ள தட்டில் ரத்தத்தை ஊற்றினால் பயப்புரதம் மட்டும் அடியில் ஒட்டும். மற்றதைக் கழுவிவிட்டுச் சாயம் விட்டால் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவோ பயமும் அவ்வளவு. அன்னக்கொடி வாய் திறந்து பேசக் கூசும். கழுவுவதில் மட்டும் கறார். ஒரு தட்டில் எல்லாக் குழிக்கும் ஒரே அளவு அலசல்தான்.

ஒருநாள் சிங்கராஜா வந்தார். "நமக்குப் பயம் துளியும் இல்லை என்று காட்டுக்கே தெரியட்டும்!"

முள் குத்தியதும், "ஐயோ அம்மா!" என்றார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க முயலின் ரத்தமும் வைத்தார்கள். முயலின் குழி இளமஞ்சள். ராஜாவின் குழியோ அரைத்த மஞ்சள்.

"அக்கா, இதை அவர்கிட்ட யார் சொல்றது?" என்று முள்ளம்பன்றியிடம் கேட்டது அன்னக்கொடி.

"நீதான். கழுவினது நீதானே?"

"என்னைத் தின்னுடுவார்!"

"அதான் சொல்றேன். என்னைத் தின்னா அவருக்குத் தொண்டையில குத்தும்."

எட்டிப் பார்த்த கரடியாருக்கு வியர்த்தது. "மிச்ச ரத்தத்தை வைத்து மறுபடி செய். உயிர் மேல ஆசை இருந்தா நல்லா அலசும்மா."

அன்னக்கொடி தட்டை அருவியடியில் பிடித்தது. ஒட்டாததும் போயிற்று, ஒட்டியதும் போயிற்று. சாயம் விட்டால் தட்டு முழுக்கப் பளிங்கு.

"முயல் குழியை ஏன் கழுவினே?" என்று பல்லைக் கடித்தார் கரடியார்.

"ஒரே தட்டு ஐயா. ராஜாவுக்கு ஒரு அலசல், முயலுக்கு ஒரு அலசலா?"

வேறு வழியில்லை. ராஜாவுக்கும் பயமில்லை, முயலுக்கும் பயமில்லை என்று முடிவு வெளியானது.

மறுநாள் காலை ராஜா பசியோடு புல்வெளிக்குப் போனார். முடிவை நம்பிய முயல் ஓடவில்லை. "வாங்க ராஜா, சௌக்கியமா?" என்று மென்றுகொண்டே கேட்டது.

முடிவை ராஜாவும் நம்பியிருந்தார். முயலை உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி எடுத்த ஓட்டத்தில் அடுத்த காட்டில்தான் போய் நின்றார்.

முயலின் பயத்தையே போக்கிவிட்டார் என்று, பயத்துக்கு மருந்து கண்டதற்காகக் கரடியாருக்கு விருது கிடைத்தது. அன்னக்கொடிக்குப் புது பிரஷ் ஒன்று கொடுத்தார்கள்.

நீதி: பரிசோதனை முடிவு பிடிக்காவிட்டால் மறுபடி கழுவலாம், எல்லோரையும் ஒரே மாதிரி கழுவினால் அதற்குப் பெயர் நேர்மை.